சூட்டுக் கட்டி என்று ஒதுக்கிவிடாதீர்கள்: விளையாடுவோருக்கு வரும் மயிர்க்கால் தொற்று

கோடை தொடங்கியதும் பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு இளைஞர்கள் வரத் தொடங்குவார்கள். பெரும்பாலோர் கபடி ஆடுபவர்கள். சிலர் கைப்பந்து, சிலர் கால்பந்து. தொடையிலும் அக்குளிலும் பிட்டத்திலும் முழங்காலைச் சுற்றியும் சிவந்த கொப்புளங்கள் இருக்கும். சிலவற்றில் சீழ் வைத்திருக்கும். “சூட்டுக் கட்டிதான் டாக்டர், ஒரு ஆயின்மெண்ட் எழுதிக் குடுங்க, ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்கு” என்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஓர் இளைஞரிடம், அணியில் வேறு எவருக்கேனும் இருக்கிறதா என்று கேட்டோம். நான்கு பேருக்கு இருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். மருந்து எழுதினோம்; கொப்புளங்கள் அடங்கின. மூன்று வாரங்கள் சென்றபின் அவருடைய ஆயா பிடரியில் பெரிய ராஜபிளவையோடு எங்கள் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டார். அவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. கொடியில் தொங்கும் ஒரே துண்டைத்தான் பேரனும் ஆயாவும் பயன்படுத்தி வந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பேரனிடமிருந்துதான் கிருமி அவருக்குப் போயிற்று என்று உறுதியாகச் சொல்ல எங்களிடம் சான்று இல்லை. ஆனால் அணியைப் பற்றிக் கேட்ட நாங்கள் வீட்டைப் பற்றிக் கேட்காமல் விட்டோம். அவர் பிழைத்துக்கொண்டார், புண் ஆற இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அன்று முதல் எங்கள் பிரிவில் இவ்வகைக் கட்டியுடன் வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகளையும் கேட்கிறோம். இக்கட்டுரையும் அதன் தொடர்ச்சியே.

முதலில், இது என்ன நோய் என்று பார்ப்போம். உள்ளங்கை, உள்ளங்கால், உதடு ஆகியவை நீங்கலாக நம் தோலில் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் முடி முளைக்கிறது. ஒவ்வொரு முடியும் தோலுக்குள் இறங்கும் ஒரு சிறு குழியில் வேரூன்றி நிற்கிறது, இதுவே மயிர்க்கால். குழியின் வாய் மேற்புறம் திறந்தே இருக்கும். உராய்வு, சவரம், நெடுநேர ஈரம் ஆகியவற்றால் அந்த வாய்ப்பகுதி சிதையும்போது, தோலின்மேல் இருந்த பாக்டீரியா உள்ளே இறங்குகிறது. அதை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களும் மடிந்த கிருமிகளும் சேர்ந்ததுதான் சீழ். தொற்று மேலோட்டமாக நின்றால், நடுவில் ஒரு முடியுடன் சிறு கொப்புளம் தோன்றி ஒரு வாரம், பத்து நாளில் அடங்கிவிடும். ஆழமாக இறங்கினால் கட்டியாகிறது: கல்லைப்போல் கடினமாகி, சுட்டு, வலித்து, பழுத்து உடையும். அடுத்தடுத்த பல மயிர்க்கால்கள் ஒன்றாகப் பழுத்துப் பல கண்கள் வைத்து உடைவதையே நம் முன்னோர் பிளவை என்றார்கள். பெரும்பாலும் பிடரியிலும் முதுகிலும் வரும். நீரிழிவு உள்ளவர்களை அதிகம் தாக்கும்.

உடற்சூட்டினால் கட்டி வருகிறது என்னும் நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. கோடையில் இவை மிகுகின்றன. வேனற்கட்டி என்னும் பெயரே அதனால் வந்தது. ஆனால் கட்டியை உண்டாக்குவது உண்ட மாம்பழமோ கோழிக்கறியோ அன்று. வியர்வையில் ஊறிய தோலும், அதன்மேல் உரசும் துணியும், அங்கே காத்திருக்கும் கிருமியுமே காரணம். வேர்க்குருவையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேர்க்குரு என்பது வியர்வைக் குழாய் அடைபடுவது. முள்ளாகக் குத்தும், அரிக்கும், ஆனால் கொப்புளத்தின் நடுவே முடி இராது.

கிருமியின் பெயர் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880-ஆம் ஆண்டு வாக்கில் கட்டிகளின் சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கொத்துக் கொத்தாக நின்ற உருண்டைக் கிருமிகளைக் கண்டார். திராட்சைக் கொத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1882-இல் அதற்குப் பெயரிட்டார். நலமாக இருப்பவர்களிலும் ஏறத்தாழ பத்தில் மூவர் இக்கிருமியைத் தம் மூக்கின் முன்பகுதியில் சுமந்து திரிகிறார்கள். அவர்களுக்கு அது ஒரு தீங்கும் செய்வதில்லை. மூக்கைத் தொட்ட விரல் தொடையைச் சொறியும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அப்படியானால் விளையாடுபவர்களுக்கு மட்டும் ஏன் அதிகம்? எங்களிடம் வரும் இளைஞர்களின் ஒரு நாளை எடுத்துக்கொண்டால் விடை கிடைக்கும். விடியுமுன் ஏரியிலோ கடலிலோ வலை. இடுப்பு வரை ஈரத்துணி பல மணி நேரம் உடலோடு ஒட்டியிருக்கும். கயிறும் வலையும் தோளையும் முன்கையையும் தேய்க்கும். மாலையில் மணலில் கபடி. உடலை இறுக்கும் செயற்கை இழைச் சட்டை, முழங்காலுக்கு உறை, தொடையில் பிடிபட்ட இடங்களில் நகக்கீறல். மாவட்டப் போட்டிக்குப் போனால் மணலுக்குப் பதில் விரிப்பு. அதில் விழுந்து வழுக்கினால் தோல் தேய்ந்து எரியும். ஆட்டம் முடிந்ததும் வியர்வையோடு அதே உடையில் உட்கார்ந்து பேச்சு. ஒரு துண்டு ஐந்து பேர் முகத்தைத் துடைக்கும். போட்டிக்கு முந்திய நாள் அக்குளையும் மார்பையும் மழிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரே பிளேடு நண்பர்களிடையே சுற்றி வருகிறது. ஒரே நாளில் இரண்டு தொழிலின் உராய்வையும் அந்தத் தோல் தாங்குகிறது.

கபடியின் ஆட்ட விதிகளிலேயே, நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்றும் உடலில் எண்ணெய் பூசக் கூடாது என்றும் இருக்கிறது. பிடி வழுக்காமல் இருக்கவும் கீறல் படாமல் இருக்கவும் ஏற்பட்ட விதிகள் அவை. ஆனால் மயிர்க்காலைக் காக்கவும் அவை உதவும் என்று சொல்லலாம். எண்ணெயை அழுத்தித் தேய்த்து மாலிஷ் செய்வது மயிர்க்காலின் வாயை அடைக்கும். ஆட்டத்தில் எண்ணெய் கூடாது என்று நடுவர் பார்த்துக்கொள்வார். ஆட்டத்துக்குப் பின் வீட்டில் நடக்கும் மாலிஷையும் கட்டி இருக்கும் நாட்களில் நிறுத்திவையுங்கள்.

ஓர் அணிக்குள் இக்கிருமி எப்படிப் பரவுகிறது என்பதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று அமெரிக்காவில் உண்டு. 2003-ஆம் ஆண்டுப் பருவத்தில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்னும் தொழில்முறைக் கால்பந்து அணியின் 58 வீரர்களில் 5 பேருக்கு மொத்தம் 8 முறை தோலில் சீழ்த்தொற்று வந்தது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் வகை அது. எட்டும் செயற்கைப் புல்தரையில் விழுந்து தோல் தேய்ந்த இடங்களிலேயே தோன்றின. விசாரித்தபோது, மைதானத்தில் ஒரே துண்டை மூன்று வீரர்கள் வரை பகிர்ந்ததும், குளிக்காமலே பொதுத் தொட்டியில் இறங்கியதும், காயங்களைக் கவனிப்பவர்களுக்குக் கைகழுவ வசதி போதாமல் இருந்ததும் வெளிப்பட்டன. அவர்களோடு மோதிய வேறோர் அணியிலும் அதே வகைக் கிருமி காணப்பட்டது. வசதிக்குக் குறைவில்லாத, சொந்த மருத்துவர்களைக் கொண்ட அணி அது. ஆகவே “குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சுத்தம் போதாது” என்று எவரேனும் சொன்னால் அது நியாயமன்று. தோல் தேய்வதும், துணி பகிர்வதும் எங்கே சேர்கின்றனவோ அங்கே இது வரும்.

எங்கள் அறிவுரையில் முதல் வரி எப்போதும் “ஆட்டம் முடிந்தவுடன் குளியுங்கள்” என்பதாக இருந்தது. பழவேற்காட்டுக்காரர் ஒருவர்தான் அதைத் திருத்தினார்: “குடிக்கவே தண்ணி வெல குடுத்து வாங்குறோம் சார்.” நிலத்தடி நீர் பல குப்பங்களில் உப்பு, சோப்பு நுரைக்காது. எனவே இப்போது வேறு விதமாகச் சொல்கிறோம். ஈரச் சட்டையையும் முழங்கால் உறையையும் ஆட்டம் முடிந்த உடனேயே கழற்றுங்கள். வியர்வையைக் கிணற்று நீரில் கழுவலாம். ஆனால் அக்குள், தொடையிடுக்கு, தொடை, முழங்கால் ஆகிய இடங்களை மட்டுமாவது ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து உலர விடுங்கள். உறைகளை வாரம் ஒருமுறை அன்று, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் அலசி வெயிலில் உலர்த்துங்கள். துண்டும் பிளேடும் ஆளுக்கு ஒன்று. நிறம் மாற்றி வாங்கினால் கொடியில் குழப்பம் வராது. மழிப்பதற்குப் பதில் கத்தரியால் குறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கொப்புளம் வந்துவிட்டால்? சிறிதாக இருந்தால், சுத்தமான துணியை மிதமான சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, பத்து முதல் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுங்கள். அத்துணியை வேறெவரும் தொடக் கூடாது. பிதுக்காதீர்கள். பிதுக்கினால் சீழ் வெளியே வருவதைப்போலவே உள்ளேயும் தள்ளப்படுகிறது. குறிப்பாக மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டியைக் கிள்ளவே கூடாது. அப்பகுதியின் இரத்தக் குழாய்கள் மண்டைக்குள் செல்லும் குழாய்களோடு இணைந்தவை. சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போடுவது, எருக்கம்பால் வைப்பது ஆகியவை எங்கள் பகுதியில் இன்றும் உண்டு. இரண்டுமே தோலை வேகவைக்கும். கட்டிக்கு வந்தவருக்குச் சுட்ட புண்ணுக்கும் சேர்த்து மருத்துவம் செய்ய வேண்டி வருகிறது.

இவற்றைவிடத் தீங்கானது மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்பு. பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, அரிப்புக்கு ஒரு ஸ்டீராய்டு என்று மூன்றையும் கலந்தவை அவை. தடவியதும் சிவப்பு மறையும், எரிச்சல் அடங்கும். ஆனால் ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அவ்விடத்தில் தணித்துவிடுவதால் கிருமி நிம்மதியாகப் பெருகும், தோல் மெலியும், சில சமயம் ஸ்டீராய்டே புதிய மயிர்க்கால் கொப்புளங்களை வரவழைக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இத்தகைய களிம்புகளை விற்பதற்கு 2018-ஆம் ஆண்டு மைய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தும் பழக்கம் முற்றிலும் நிற்கவில்லை. மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு, நூற்றுக்கணக்கில் வரும் கொப்புளங்கள் பூஞ்சையாலும் வரலாம். அவற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடுமே ஒழியக் குறையாது. மழித்த முடி சுருண்டு மீண்டும் தோலுக்குள் குத்துவதாலும் இதே தோற்றம் வரும். பார்த்துப் பிரித்தறிய வேண்டியவை இவை.

மருத்துவமனையில் நாங்கள் செய்வது பெரும்பாலும் எளியது. மேலோட்டமான தொற்றுக்குக் கிருமிநாசினிக் கழுவல், பாக்டீரியாவுக்கான களிம்பு போதும். பழுத்த கட்டியைக் கீறிச் சீழை வடிப்பதே அதற்குரிய முதன்மை மருத்துவம். மாத்திரை அதற்குத் துணை மட்டுமே. “ஊசி போடுங்க, கத்தி வேணாம்” என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதில்தான் எங்களுக்கு நேரம் செல்கிறது. சீழைச் சோதனைக்கு அனுப்பினால் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். மாத்திரை எழுதினால், வலி நின்ற அன்றே நிறுத்தாமல் சொன்ன நாட்கள் வரை உட்கொள்ளுங்கள். மிச்சம் வைத்து நண்பருக்குக் கொடுக்க வேண்டாம்.

கட்டி மீண்டும் மீண்டும் வந்தால், மூக்கில் களிம்பும் கிருமிநாசினிக் குளியலும் சில நாட்களுக்குத் தருவோம். அப்போது வீட்டார் அனைவரையும் சேர்த்துக்கொள்கிறோம். நோயாளிக்கு மட்டும் இம்முறையைச் செய்த வீடுகளைவிட, குடும்பம் முழுவதும் செய்த வீடுகளில் நோயாளிக்கு மீண்டும் கட்டி வருவது குறைந்ததாக அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இந்த வாய்ப்பில் வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரையையும் பார்த்துவிடுகிறோம். தனக்கு நீரிழிவு இருப்பதையே பேரனின் கட்டியால் அறிந்துகொண்டவர்களும் உண்டு. இளைஞருக்கே அடிக்கடி கட்டி வந்தாலும் அவருடைய சர்க்கரையைச் சோதிக்கத் தவற மாட்டோம்.

எப்போது மீண்டும் ஆடலாம் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் ஒரு விதி உண்டு: ஆன்டிபயாடிக் தொடங்கி 72 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், கடைசி 48 மணி நேரத்தில் புதிய கொப்புளம் வந்திருக்கக் கூடாது, சீழோ நீரோ வடியக் கூடாது. வடிகிற புண்ணைக் கட்டுப் போட்டு மறைத்துக்கொண்டு இறங்குவதற்கும் அனுமதி இல்லை. கபடியும் உடலோடு உடல் உரசும் ஆட்டமே ஆகையால் நாங்கள் அதே அளவுகோலைச் சொல்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் போகும். அணித் தலைவர்கள் இதில் எங்களுக்குத் துணை நிற்க வேண்டும், ஏனென்றால் பயிற்சிக்கு வராவிட்டால் இடம் போய்விடும் என்ற அச்சத்திலேயே பலர் கட்டியை மறைக்கிறார்கள்.

ஆட்டத்தை நிறுத்தலாம், தொழிலை நிறுத்துவது எப்படி என்பார்கள். பாடு முறையில் தம் முறை வரும் நாளைத் தவறவிட எவருக்கும் மனம் வராது; அதை நாங்கள் அறிவோம். ஆனால் திறந்த புண்ணோடு ஏரியில் இறங்குவதைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறும் என்பது நம் கடற்கரையெங்கும் உள்ள நம்பிக்கை. பழவேற்காடு ஏரி ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் உவர்நீர் ஏரி. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி. இத்தகைய வெதுவெதுப்பான உவர்நீரில் வாழ்வது விப்ரியோ இனக் கிருமிகளின் இயல்பு. அவற்றுள் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்பது புண் வழியே நுழைந்தால் சில மணி நேரத்தில் காலை வீங்கவைத்து, கருநீலக் கொப்புளங்களை எழுப்பி, உயிரையே பறிக்கக்கூடியது. இது அரிது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களையும், மதுவாலோ மஞ்சள் காமாலையாலோ ஈரல் கெட்டவர்களையும் தேர்ந்தெடுத்துத் தாக்குகிறது. கீறி வடித்த கட்டி மூடும் வரை, கரையில் வலை பிரிக்கும் வேலையையோ படகின் மேல் இருக்கும் வேலையையோ மாற்றிக் கேளுங்கள். தவிர்க்கவே முடியாமல் இறங்கினால், நீர் புகாத கட்டும், கரையேறியதும் நல்ல தண்ணீரில் சோப்புக் கழுவலும் வேண்டும்.

பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்: காய்ச்சலும் நடுக்கமும், கட்டியைச் சுற்றிய சிவப்பு மணிக்கு மணி விரிவது, அல்லது அங்கிருந்து சிவந்த கோடு மேலே ஓடுவது, தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி, தோல் கறுப்பது, முகத்தில் கட்டியோடு கண் வீங்குவது. சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்துவைத்தால் விரிகிறதா என்பது வீட்டிலேயே தெரியும். நீரிழிவு உள்ளவர்களுக்கு முதுகிலோ பிடரியிலோ கட்டி வந்தால், அளவு சிறிதானாலும் அன்றே காட்டுங்கள். பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ சென்றாலும் தொடக்க மருத்துவம் கிடைக்கும். எங்களிடம்தான் வர வேண்டும் என்பதில்லை.

எங்களிடம் வருவதானால், இதுவரை தடவிய களிம்பின் குழாயையும் விழுங்கிய மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டுவாருங்கள். அட்டை காலியாக இருந்தாலும் சரி. அணியில் வேறு எவருக்குக் கட்டி இருக்கிறதோ அவர்களையும், வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவரையும் அதே நாளில் உடன் அழைத்துவாருங்கள்.